மருந்து கேட்கும் என்றுதான் ரிப்போர்ட் சொன்னது

லேப் ஜன்னலில் வந்து நின்ற பெண்ணின் கையில் மூன்று தாள்கள் இருந்தன. மூன்றிலும் என் கையெழுத்து.

"மேடம், நீங்கதானே இது?"

ஆமாம் என்றேன்.

"ரெண்டாவது ரிப்போர்ட்ல வான்கோமைசின் கேக்கும்னு இருக்கு. மூணாவதுலயும் அதேதான். மருந்தும் ஒரு வேளை விடாம ஏத்தியாச்சு. அப்புறம் ஏன் மேடம் அம்மாவுக்குத் திரும்பத் திரும்பக் குளிர்ஜுரம் வருது? டெஸ்ட் தப்பா, மருந்து தப்பா?"

ரெண்டுமே தப்பில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே அது ஒரு பதில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தாள்களை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவருடைய அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்யும் ஃபிஸ்டுலா சரியாக அமையவில்லை. அதனால் கழுத்துக்குக் கீழே தோலுக்கடியில் ஓட்டி, இதயத்தை ஒட்டிய பெரிய சிரைக்குள் விட்டிருந்த கதீட்டர் என்னும் குழாய் வழியாகத்தான் ரத்தம் மெஷினுக்குப் போய்வந்தது. மெஷின் ஓட ஆரம்பித்த அரை மணி நேரத்தில் உடம்பு தூக்கிப்போடும். பல் கிட்டும். பிறகு காய்ச்சல். ஆன்டிபயாடிக் கொடுத்தால் இரண்டே நாளில் தணியும். நிறுத்திப் பத்து நாள் ஆனதும் மறுபடி வரும். குளத்துப் பாசியைக் கையால் விலக்கினால் தண்ணீர் தெரியும், கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். அப்படித்தான் இருந்தது அந்தக் காய்ச்சல்.

'மருந்து கேட்கும்' என்று நான் எந்த ஆதாரத்தில் எழுதினேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

ரத்தம் வரும் பாட்டிலில் கிருமி வளர்ந்தால் அதை அகார் தட்டில், அதாவது கிருமிக்கு உணவு கலந்த கூழ்த் தட்டில், தீற்றி வைப்போம். மறுநாள் காலையில் தட்டில் காலனிகள், அதாவது கிருமி கூட்டமாக வளர்ந்த புள்ளிகள், தெரியும். அதிலிருந்து கொஞ்சம் தொட்டெடுத்து உப்புநீரில் கலக்கி, குறிப்பிட்ட கலங்கல் வரும்வரை சரிசெய்வோம். அந்தக் கலங்கலில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 15 கோடி பாக்டீரியா இருக்கும். அதைப் புதிய தட்டில் சீராகப் பூசி, மருந்து தோய்ந்த சிறு காகித வட்டுகளை மேலே வைத்து, 35 டிகிரியில் ஓர் இரவு விட்டுவிடுவோம். வட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்த வளையம் விழுந்தால் அதன் விட்டத்தை அளப்போம். பாவர், கிர்பி என்பவர்கள் 1966இல் ஒழுங்குபடுத்திய முறை இது. இன்றும் உலகம் முழுக்க இதுதான் நடக்கிறது. ஆனால் அந்த அம்மாவின் ரத்தத்தில் வளர்ந்தது ஸ்டஃபைலோகாக்கஸ் வகைக் கிருமி. அதற்கு வான்கோமைசினைச் சோதிக்க மட்டும் வட்டை நம்ப முடியாது. மருந்தைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எந்த அளவு வரை கிருமி வளராமல் நிற்கிறது என்று திரவத்தில் பார்க்க வேண்டும். அந்த அம்மாவின் கிருமி மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமிலேயே நின்றுவிட்டது. ரத்தத்தில் வான்கோமைசினை அதைவிடப் பல மடங்கு அதிகமாகவே வைத்திருப்பார்கள். எனவே ரிப்போர்ட்டில் 'எஸ்', அதாவது சென்சிட்டிவ். கணக்கு சரி.

ஆனால் நான் சோதித்த பாக்டீரியா எப்படிப்பட்டவை என்று பாருங்கள். முந்தின இரவுதான் வளர்ந்தவை. வயிறு நிறைந்தவை. ஒன்றோடொன்று ஒட்டாமல் திரவத்தில் தனித்தனியாக மிதப்பவை. மளமளவென்று இரண்டாகப் பிரிந்துகொண்டிருப்பவை. அந்த அம்மாவின் கதீட்டருக்குள் இருந்தவை அதே இனம்தான், அதே மரபணுக்கள்தான். வாழ்க்கைதான் வேறு.

நாங்கள் அதை பயோஃபிலிம் என்போம். தமிழில் உயிரிப்படலம். பெயர் கேள்விப்படாதவர்கள்கூட அதைத் தினமும் தொட்டுப் பார்க்கிறார்கள். காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவினால் ஒரு வழவழப்பு தெரிகிறதே, அது உயிரிப்படலம்தான். நீர் ஓடும் பாறையில் கால் வழுக்குவதும் அதனால்தான்.

முதன்முதலில் பாக்டீரியாவைக் கண்ணால் பார்த்த லேவன்ஹூக்கும் இதைப் பார்த்திருக்கிறார். தன் பல்லிடுக்கில் சுரண்டிய வெள்ளைப் படிவைத் தன் லென்சில் வைத்துப் பார்த்து, அதில் உயிர்கள் துள்ளுவதை 1683இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார். வினிகரை வைத்தும் பார்த்திருக்கிறார். படிவின் வெளிப்புறத்தில் இருந்தவை மட்டும் செத்தன, வினிகர் உள்ளே முழுக்க இறங்கவில்லை என்று குறித்திருக்கிறார். நான் மாணவியாக இருந்தபோது இதைப் படித்துவிட்டு வெகுநேரம் புத்தகத்தை மூடவில்லை. எங்கள் துறையின் இன்றைய பெரிய சிக்கல், துறை பிறந்த சமயத்திலேயே ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது.

அப்படியிருந்தும் பிறகு மூன்று நூற்றாண்டு காலம் மிதக்கும் பாக்டீரியாவையே படித்தோம். அதற்கும் காரணம் உண்டு. 1880களில் ராபர்ட் கோக் தட்டில் ஒரே ஓர் இனத்தைப் பிரித்து வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். காசநோயும் காலராவும் எதனால் வருகின்றன என்பது அந்த முறையால்தான் தெரிந்தது. அந்த வெற்றியின் வெளிச்சத்தில், தட்டில் வளர்ப்பதுதான் பாக்டீரியா என்று பழகிப்போனது. கனடாவைச் சேர்ந்த வில்லியம் காஸ்டர்டன், இயற்கையில் பாக்டீரியா எதன் மேலாவது ஒட்டிக்கொண்டு கூட்டமாகத்தான் வாழ்கிறது என்று 1978இல் விரிவாக எழுதிய பிறகுதான் பார்வை திரும்பியது. 1982இல் அவரும் உடனிருந்தவர்களும், இதயத் துடிப்பைச் சீர்செய்யும் பேஸ்மேக்கரின் கம்பியை நோயாளி உடம்பிலிருந்து எடுத்து எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அதன்மேல் அடை அடையாக அப்பியிருந்தது. மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வந்த தொற்று அது.

குழாய் ஒன்று உடம்புக்குள் போன சில நிமிடங்களுக்குள் ரத்தத்தில் உள்ள புரதங்கள் அதன்மேல் படிந்துவிடும். ஃபைப்ரினோஜன், ஃபைப்ரோனெக்டின் போன்றவை. காயம் ஆறுவதற்காக உடம்பு வைத்திருக்கும் பொருள்கள் அவை. அவற்றைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள் ஸ்டஃபைலோகாக்கஸிடம் ஏற்கெனவே இருக்கின்றன. நம் தோலில் எந்தத் தொந்தரவும் செய்யாமல் காலம் முழுக்க வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், குழாய் நுழைந்த துளையோரமாகவோ, குழாயைத் திறந்து மூடும் கையோடோ உள்ளே வருகிறது. ஒட்டுகிறது. ஒட்டியதும் நடத்தை மாறுகிறது. தன்னைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகளாலான கொழகொழப்பைச் சுரக்கிறது. செத்த பாக்டீரியா உதிர்த்த டிஎன்ஏவும் அதில் நார்போலப் பின்னிக்கொள்கிறது. சில மணி நேரத்தில் சின்னச் சின்னத் திட்டுகள். ஒன்றிரண்டு நாளில் அடுக்கடுக்கான குடியிருப்பு. நடுவே தண்ணீர் ஓடும் சந்துகள்கூட உண்டு.

படிப்பின் கடைசி ஆண்டில் இதை நானே பிளாஸ்டிக் தட்டில் வளர்த்துப் பார்த்தேன். 96 குழிகள் உள்ள தட்டு. ஒவ்வொரு குழியிலும் வெவ்வேறு நோயாளியிடமிருந்து வந்த கிருமி. ஒரு நாள் வளரவிட்டு, திரவத்தைக் கொட்டி, மூன்று முறை அலசி, கிரிஸ்டல் வயலெட் சாயம் ஊற்றி மறுபடி அலச வேண்டும். படலம் கட்டாத குழியில் சாயம் கழுவிக்கொண்டு போய்விடும். படலம் கட்டிய குழியில் ஊதா நிறம் அப்பிக்கொண்டு நிற்கும். எத்தனை அலசினாலும் போகாது. என்னிடம் இருந்த கிருமிகளில் மிக அடர்ந்த ஊதா காட்டியவை பெரும்பாலும் குழாய் நுனிகளிலிருந்து வந்தவை. அது எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த செய்திதான். ஆனாலும் கை விரலில் சாயக் கறையோடு அந்தத் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதுதான் நம்பினேன்.

படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியாவைக் கொல்ல, மிதப்பவற்றுக்குத் தேவைப்படுவதைவிட நூறு மடங்கு, சிலசமயம் ஆயிரம் மடங்கு மருந்து தேவைப்படலாம். அத்தனை மருந்தை மனித உடம்பு தாங்காது.

ஏன் அத்தனை? மருந்தால் அந்தக் கொழகொழப்பைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை என்று பலரும் எழுதுகிறார்கள். பாதி உண்மை அது. அமினோகிளைகோசைடு வகை மருந்துகள் நேர்மின்னூட்டம் உள்ளவை. படலத்தின் எதிர்மின்னூட்டப் பொருள்களில் சிக்கி அவை தாமதமாவது உண்மை. ஆனால் பல மருந்துகள் கொஞ்சம் நேரம் எடுத்தாவது அடிவரை போய்விடுகின்றன. போய்ச் சேர்ந்தும் வேலை நடப்பதில்லை. படலத்தின் அடியில் ஆக்சிஜன் குறைவு, உணவும் குறைவு. அங்கே இருப்பவை வளர்வதை ஏறக்குறைய நிறுத்திவிட்டுச் சோம்பிக் கிடக்கின்றன. பென்சிலின் குடும்பமும் வான்கோமைசினும் பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டும்போது குறுக்கே புகுந்து கெடுக்கும் மருந்துகள். சுவரே கட்டாமல் படுத்திருப்பவனிடம் செங்கல்லைப் பிடுங்கி என்ன ஆகப்போகிறது?

இதையும் ஒருவர் முன்பே பார்த்துவிட்டார். ஜோசப் பிகர் என்ற ஐரிஷ் மருத்துவர் 1944இல், பென்சிலின் புழக்கத்துக்கு வந்த புதிதில், ஸ்டஃபைலோகாக்கஸ் மேல் அதை ஊற்றினார். பத்து லட்சத்தில் ஒன்று என்ற கணக்கில் சாகாமல் மிஞ்சின. மிஞ்சியவற்றை எடுத்து மறுபடி வளர்த்தார். அவற்றின் சந்ததி பென்சிலினில் முன்போலவே செத்தது. அந்தச் சந்ததியிலும் பத்து லட்சத்தில் ஒன்று மிஞ்சியது. பிகர் அவற்றுக்கு விடாப்பிடியாகத் தாக்குப்பிடிப்பவை என்ற பொருளில் பெயர் வைத்தார்.

இங்கே நிதானிக்க வேண்டும். மருத்துவமனையில் எல்லோரும் 'ரெசிஸ்டன்ஸ்' என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். எதிர்ப்பு என்பது மரபணுவில் எழுதப்பட்டது. மருந்தை வெட்டும் நொதி, மருந்தை வெளியே துப்பும் பம்பு, மருந்து ஒட்டும் இடத்தின் மாற்றம், இப்படி ஏதாவது ஒன்று. பிள்ளைக்கும் பேரனுக்கும் போகும். என் தட்டில் வளையம் விழாமல் தெரிந்துவிடும். தாக்குப்பிடித்தல் என்பது ஒரு நிலை, தூக்கம் மாதிரி. படலத்திலிருந்து அந்தப் பாக்டீரியாவை எடுத்து, நல்ல உணவு போட்டு, கதகதப்பில் வைத்து நான் எழுப்பிவிடுகிறேன். எழுந்ததும் அது சாதாரணக் கிருமி. மருந்துக்குச் சாகிறது. 'எஸ்' என்று எழுதுகிறேன். நான் எதைச் சோதிக்க வேண்டுமோ, சோதிப்பதற்காக நான் செய்யும் முதல் வேலையே அதை அழித்துவிடுகிறது.

அந்தப் பெண்ணிடம் ரெண்டுமே தப்பில்லை என்று சொன்னதன் பொருள் இதுதான்.

இரண்டும் வேறு என்றாலும் ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடும். மருந்து போட்டும் சாகாமல் கிடக்கும் கூட்டத்துக்கு அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசத்தில் யாராவது ஒன்றுக்கு மரபணுவில் மாற்றம் விழலாம். ஈ.கோலை பாக்டீரியாவுக்கு ஆம்பிசிலினை விட்டு விட்டுக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. முதலில் தாக்குப்பிடிக்கும் தன்மை வந்தது, அதன் தோளில் ஏறித்தான் உண்மையான எதிர்ப்பு வந்தது. படலத்துக்குள் வேறொரு வசதியும் உண்டு. உடம்போடு உடம்பு உரச வாழ்வதால் பிளாஸ்மிட் என்னும் சிறு டிஎன்ஏ வளையங்களை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்வது எளிது. எதிர்ப்பு மரபணுக்கள் பலவும் ஊர் சுற்றுவது இந்த வளையங்களில் ஏறித்தான். கடைசிக் கையிருப்பாக வைத்திருந்த கொலிஸ்டின் என்ற மருந்தைச் செயலிழக்கச் செய்யும் மரபணு ஒன்றைப் பிளாஸ்மிட்டில் கண்டதாக 2015 நவம்பரில் சீனாவிலிருந்து செய்தி வந்த நாளில், எங்கள் லேப்பில் யாரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

குறைந்த அளவு மருந்து இன்னும் மோசம். சூடோமோனாஸ் என்ற கிருமியும் ஈ.கோலையும், தங்களைக் கொல்லப் போதாத அளவு டோப்ராமைசின் மருந்தைச் சந்தித்தால் படலம் கட்டுவதை அதிகப்படுத்துகின்றன என்று 2005இல் காட்டினார்கள். ஆபத்து வருகிறது என்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது போல. அரைகுறையாகக் கொடுத்தால் மருந்து வீணாவது மட்டும் நடப்பதில்லை என்பது இதனால்தான்.

இனி என் முதல் ரிப்போர்ட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெண் கொண்டுவந்த மூன்று தாள்களில் முதலாவதில் எந்த மருந்தின் பெயரும் இல்லை. அனுப்பிய பாட்டில்களில் ஒன்றில் மட்டும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் வளர்ந்திருந்தது. ஊசி குத்தும்போது தோலிலிருந்து இந்தக் கிருமி பாட்டிலுக்குள் போய்விடுவது அன்றாடம் நடப்பது. ஒரே ஒரு பாட்டிலில் வந்தால் பெரும்பாலும் அது கலப்படம்தான். அப்படித்தான் எழுதினேன்: 'தோல் கிருமி கலந்திருக்க வாய்ப்பு.' படிவத்தில் நோயாளிக்குக் குழாய் ஏதும் உண்டா என்ற கட்டம் காலியாக இருந்தது. டயாலிசிஸ் பிரிவு என்று மேலே எழுதியிருந்ததையாவது பார்த்து ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. அன்று தட்டுகள் அதிகம் என்பது காரணம்தான், நியாயம் இல்லை. அந்த ஒரு வரியால் அவருக்கு மூன்று வாரம் போனது.

இரண்டாவது முறை அவர்கள் கதீட்டரிலிருந்து ஒரு பாட்டிலும் கையிலிருந்து ஒரு பாட்டிலும் ஒரே நேரத்தில் எடுத்து அனுப்பினார்கள். சரியான முறை அது. கதீட்டர் பாட்டில், கைப் பாட்டிலைவிட மூன்று மணி நேரத்துக்கு முன்பாகவே வளர்ச்சி காட்டியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் முந்தினால் கிருமியின் இருப்பிடம் கதீட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம். இதையும் எழுதி அனுப்பினேன். ஆனாலும் கதீட்டரை எடுக்கவில்லை. அதில் மருத்துவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த அம்மாவுக்கு அடுத்த டயாலிசிஸ் இரண்டு நாளில். மற்ற சிரைகள் ஏற்கெனவே சுருங்கிப் போயிருந்தன. இந்தக் கிருமி விஷயத்தில் கதீட்டரை வைத்துக்கொண்டே மருந்தைக் குழாய்க்குள் அடைத்து வைத்துப் பார்க்கலாம் என்று வழிகாட்டுதல்களே இடம் கொடுக்கின்றன. பார்த்தார்கள். பலனில்லை. மூன்றாவது முறை வந்தபோது எடுத்துவிட்டார்கள்.

எடுத்த கதீட்டரின் நுனியை 5 சென்டிமீட்டர் நறுக்கி அனுப்புவார்கள். அதை ரத்த அகார் தட்டின் மேல் இடுக்கியால் பிடித்து முன்னும் பின்னுமாக உருட்ட வேண்டும். 1977இல் டென்னிஸ் மாக்கி கொண்டுவந்த முறை. மறுநாள் 15 காலனிக்கு மேல் இருந்தால் குழாயில் கிருமி குடியேறியிருக்கிறது என்று பொருள். இதில் ஒரு குறை உண்டு. உருட்டினால் குழாயின் வெளிப்புறம்தான் தட்டில் படும். மாதக்கணக்கில் இருந்த குழாயில் படலம் பெரும்பாலும் உட்புறத்தில்தான் இருக்கும், ஏனென்றால் கிருமி உள்ளே போவது திறந்து மூடும் வாய் வழியாக. அதனால் உருட்டிய பிறகு அந்தத் துண்டைத் திரவத்தில் போட்டுக் குலுக்கி, அந்தத் திரவத்தையும் தனியாக வளர்த்தேன். உருட்டிய தட்டில் இருபது சொச்சம் காலனி. குலுக்கிய திரவத்தின் தட்டில் எண்ண முடியவில்லை. பால் கொட்டியது போல் தட்டு முழுக்க வெள்ளை.

குழாய் போன பிறகு அவருக்கு அந்தக் குளிர்ஜுரம் வரவில்லை. அதே வான்கோமைசின்தான், அதே அளவுதான். சில நாள் கழித்துப் புதிய கதீட்டர் போட்டார்கள்.

இதை வைத்து எல்லாக் குழாயையும் பிடுங்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்குக் குழாய் இல்லையென்றால் டயாலிசிஸ் இல்லை. மூச்சுவிடப் போடும் குழாய், செயற்கை இடுப்பு மூட்டு, இதய வால்வு, இவை எல்லாம் உயிர் காப்பவை. ஆனால் உடம்புக்குள் வைக்கும் அந்நியப் பொருள் ஒவ்வொன்றும் கிருமிக்குச் சாதகமான இடம். 1957இல் எலெக், கோனன் என்ற இருவர் மனிதர்கள் மேலேயே நடத்திய சோதனையில், தோலில் சீழ் பிடிக்க லட்சக்கணக்கில் ஸ்டஃபைலோகாக்கஸ் தேவைப்பட்டது. அதே தோலில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோது சில நூறே போதுமானதாக இருந்தது. ஒரே ஒரு நூல்.

தேவை இருக்கும் வரை குழாய் இருக்கட்டும். தேவை முடிந்த பிறகும் மறந்துபோய்க் கிடக்கும் குழாய்கள்தான் என் கவலை. இதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

அப்பாவுக்கு ஓர் அறுவை சிகிச்சை. அப்போது சிறுநீர்க் குழாய் போட்டார்கள். இரண்டாம் நாளே எழுந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் நாள் நடந்தார், மூத்திரப் பையைக் கையில் தூக்கிக்கொண்டு.

"இதை எப்பம்மா எடுப்பாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"டாக்டர் சொல்லுவாங்கப்பா" என்றேன்.

சிறுநீர்க் குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குப் புதிதாகச் சிறுநீரில் பாக்டீரியா சேர்கிறது, ஒரு மாதம் இருந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் சேர்ந்துவிடும். இதை நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். அப்பா கேட்டபோது அந்த எண் எனக்கு ஞாபகம் வரவில்லை. மகளாக மட்டும் உட்கார்ந்திருந்தேன். காலை ஒரு மருத்துவர், மாலை வேறொருவர், இரவு வேறு சிஸ்டர். எடுக்க வேண்டும் என்று யாரும் மறுக்கவில்லை. எடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஐந்தாம் நாள் இரவு காய்ச்சல். கிளெப்சியெல்லா என்ற கிருமி. மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் மருந்து எதுவும் கேட்காத வகை. அதற்கும் மேலான கார்பபெனெம் வகை மருந்தை ஏற்ற வேண்டி வந்தது. வீட்டுக்குப் போக வேண்டியவர் இன்னும் ஒன்பது நாள் படுத்திருந்தார்.

உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் புதுப்பித்த அபாயக் கிருமிப் பட்டியலின் முதல் வரிசையில் அப்பாவுக்கு வந்த வகையும் இருக்கிறது. கார்பபெனெமுக்கும் மசியாத அதன் உறவினர்களும், அசினெட்டோபாக்டர் என்ற கிருமியும் அதே வரிசையில்தான். 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா நேரடியாகக் கொன்றது 12.7 லட்சம் பேரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்பா பிழைத்துவிட்டார். எத்தனையோ பேருக்கு அந்தக் கார்பபெனெமும் கேட்பதில்லை. அந்த ரிப்போர்ட்டுகளிலும் நான்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

சிறுநீர்க் குழாய் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பையில் மூத்திரம் கலங்கலாக இருக்கிறது என்று மட்டும் எழுதி எனக்கு ஏராளமான சாம்பிள்கள் வருகின்றன. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. வளர்த்தால் கிருமி வராமல் இருக்காது, சிலசமயம் இரண்டு மூன்று. அது குழாயில் குடியிருக்கும் படலம். நோய் இல்லை. ஆனால் ரிப்போர்ட் போனதும் ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுகிறது. படலம் அசையாது. அதிலுள்ள பலவீனமானவை சாகும், பலமானவை மிஞ்சும். அடுத்த சாம்பிளில் அவைதான் வரும். உண்மையிலேயே தொற்று என்று தோன்றி, குழாய் இரண்டு வாரத்துக்கு மேல் பழையதாக இருந்தால், முதலில் குழாயை மாற்றிவிட்டுப் புதியதிலிருந்து எடுங்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறேன். பழைய குழாயிலிருந்து எடுத்தால் குழாயின் கதைதான் எனக்குத் தெரியும், சிறுநீர்ப்பையின் கதை தெரியாது.

புரோட்டியஸ் என்ற கிருமி வந்தால் குழாயே கல்லாகிவிடும். அதன் நொதி யூரியாவை உடைத்து மூத்திரத்தைக் காரமாக்க, படலத்துக்குள் படிகங்கள் விளைந்து அடைத்துக்கொள்ளும். எடுத்த குழாயைக் குறுக்கே வெட்டிப் பார்த்திருக்கிறேன், சுண்ணாம்புக் குழாய் போல இருந்தது.

படலம் உடம்புக்குள் மட்டும் இல்லை. ஐசியூவில் கை கழுவும் தொட்டியின் அடியில் வளைந்த குழாயில் தண்ணீர் தேங்கி நிற்கும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பச்சையாக ஒளிரும் ஈ.கோலையை அந்த வளைவில் விட்டுப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். உணவு கிடைத்ததும் அது குழாயின் சுவரில் படலமாக ஒரு நாளைக்குச் சுமார் 2.5 சென்டிமீட்டர் மேலே ஏறியது. ஒரு வாரத்தில் வடிகட்டியைத் தொட்டது. பிறகு மேலே தண்ணீர்க் குழாயைத் திறந்தால் தண்ணீர் வடிகட்டியில் விழுந்து தெறிக்கும் துளிகளில் ஏறித் தொட்டியைச் சுற்றிலும் பரவியது. 'உணவு கிடைத்ததும்' என்பதைக் கவனியுங்கள். மிச்சமான குளுக்கோஸ் பாட்டிலையும் மூக்குக் குழாயில் ஊற்றியது போக மீந்த கஞ்சியையும் கை கழுவும் தொட்டியில் கொட்டுவதை நான் பார்த்த நாளெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன். இனியும் போடுவேன்.

புது மருந்து வரும், படலத்தைக் கரைக்கும் நொதி வரும், ஒட்டவிடாத பூச்சு வரும் என்று ஆய்வுகள் நடக்கின்றன. நடக்கட்டும். ஆனால் இப்போதே கையில் இருப்பது ஒன்று வேலை செய்யும் என்று நிரூபணமாகிவிட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழுவினர் ஐந்தே செயல்களைத் தவறாமல் செய்யவைத்தார்கள். குழாய் போடும் முன் கை கழுவுவது, முழு உறையும் துணியும் போர்த்துக்கொள்வது, தோலைக் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியால் துடைப்பது, முடிந்தவரை தொடைச் சிரையைத் தவிர்ப்பது, தேவையில்லாத குழாயை எடுத்துவிடுவது. ஆயிரம் குழாய் நாட்களுக்கு 7.7 என்று இருந்த சராசரி ரத்தத் தொற்று, ஒன்றரை ஆண்டுக்குள் 1.4 ஆனது. 2006இல் அந்த முடிவு வெளிவந்தது. அந்த ஐந்தில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. குழாய் போடும்போது சிஸ்டர் ஒருவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு படி விட்டுப்போனால் மருத்துவரையே நிறுத்தலாம் என்ற அதிகாரம்தான் புதிது. எனக்கு அந்த ஆய்வில் மிகப் பிடித்தது அதுதான்.

உள்ளே படுத்திருப்பவரின் வீட்டார் யாராவது இதைப் படித்தால், தினமும் காலையில் ரவுண்ட்ஸ் வரும் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "டாக்டர், இந்தக் குழாய் இன்னைக்கும் வேணுமா?" கோபமாகக் கேட்க வேண்டாம். வேண்டும் என்று சொன்னால் விட்டுவிடுங்கள், மறுநாள் மறுபடி கேளுங்கள். நீங்களாக எதையும் தொடாதீர்கள், இழுக்காதீர்கள். நான் அப்பாவுக்காகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

லேப்பில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். குழாய் பற்றிய கட்டம் காலியாக வரும் ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) படிவங்களைத் தனித் தட்டில் ஒதுக்கி வைக்கிறோம். பாட்டிலில் வளர்ச்சி தெரிந்ததும், ரிப்போர்ட் எழுதுவதற்கு முன், வார்டுக்குப் போன் போகிறது. என்ன குழாய், எந்த இடத்தில், போட்டு எத்தனை நாள், இன்னும் தேவையா. முதல் மாதம் எரிச்சலோடு பதில் சொன்னார்கள். நேற்று இரவுப் பணியில் பதினோரு படிவங்கள் இருந்தன. ஏழில் கட்டம் காலி. ஆறாவது போனில் ஒரு சிஸ்டர், "இருங்க மேடம், போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவர் செருப்புச் சத்தம் தூரமாகப் போய்த் திரும்பி வருவது கேட்டது.

"கழுத்துல சென்ட்ரல் லைன் இருக்கு மேடம். ஒன்பதாவது நாள். இப்ப மருந்தெல்லாம் வாயிலதான் போகுது." கொஞ்சம் நிறுத்தினார். "டியூட்டி டாக்டரைக் கூப்பிடுறேன்."